பாத்திர வகுப்பும் கதையுலகும்: வெருகற் பிரதேசக் கூத்துக்களரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கதை மாந்தரை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு விதிகளை வகுத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. அரசன் இன்னவாறு அடியெடுத்து வைப்பான், மந்திரி இன்ன மொழியிற் பேசுவான், தோழிக்கு இன்னவிடத்திற் பேச உரிமையுண்டு என்றெல்லாம் வரையறுக்கும் மரபு இலக்கியத்திலும் அரங்கிலும் மட்டுமன்றி, அண்மைக்காலத்தில் எழுந்த பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்களிலும் காணப்படுகின்றது. இவ்விதிகள் கதையின் உள்ளிருந்து பிறந்தவையா? அன்றிக் கதைக்குப் புறம்பான தேவைகளிலிருந்து பிறந்து, பின்னர் கதையின் போர்வையைப் போர்த்துக்கொண்டவையா? இவ்வினாவிற்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு வெருகலும் அதனைச் சூழ்ந்த பிரதேசமும் களமாகக் கொள்ளப்படுகின்றன. இதற்குக் காரணம் இரண்டு. மனிதரை வகுத்து அவ்வகுப்புக்குக் கதை கூறும் கல்வெட்டு மரபு இப்பிரதேசத்திற்குரியது. பாத்திரங்களை வகுத்து அவ்வகுப்பினாற் கதை கூறும் கூத்து மரபும் இப்பிரதேசத்திற்குரியதே. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, விதிக்கும் கதைக்கும் உள்ள உறவு தெளிவாகப் புலப்படுகின்றது.

பொருளிலக்கணம் காட்டும் வழி

தமிழிற் பாத்திர வகுப்பைப் பற்றிய சிந்தனை தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே செம்மையுற்றுக் காணப்படுகின்றது. அகப்பாடலில் இயங்குவோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பரத்தை எனும் வகைப் பெயர்களாலேயே அறியப்படுவர். இன்னாரெனச் சுட்டிப் பெயர் கூறும் வழக்கம் அங்கு விலக்கப்பட்டுள்ளது. களவியலும் கற்பியலும் இவர்களுள் யார் எவ்விடத்து எதனைக் கூறலாம் என்பதைக் கூற்று வகையாக வரையறுக்கின்றன. இன்றைய விளையாட்டு நூலொன்றில் ஒரு வகுப்புக்கு உரிய ஆற்றல்கள் நிரல்படுத்தப்படுவதற்கும் இதற்கும் அமைப்பு ஒப்புமை உண்டு. தோழியின் ஆற்றல் அவளது சொல்லாகும். அறத்தொடு நிற்றலும் வாயில் மறுத்தலும் அவ்வகுப்புக்குரிய செயல்களாம்.

இவ்விதிகள் கதையோடு பொருந்துமாற்றைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதுமானது. மடலேறுதல் தலைவனுக்கு உரியது. தலைவிக்கு இல்லை என்பது தொல்காப்பிய விதி. ஆனால், திருமங்கையாழ்வார் நாயகி நிலையில் நின்று பெரிய திருமடலைப் பாடியபோது, இவ்விதி மீறப்பட்டது. அவர் விதியை அறியாது மீறினாரல்லர். தமிழ்நெறி அவ்வாறு கூறுவதை நூலுள்ளேயே எடுத்துக்கொண்டு, தாம் பின்பற்றுவது வடநெறி எனக் காரணமும் காட்டினார். விதியை மீறும் கவிஞன் அம்மீறலுக்குரிய நியாயத்தைக் கதையுலகின் உள்ளேயே அமைத்துக் காட்டும்போது, மீறலும் மரபாகி விடுகின்றது. இக்கருத்து பின்வரும் பகுதிகளுக்கும் அடிப்படையானது.

மேசை விளையாட்டின் வகுப்புக்கள்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவராகவும் கதையை நடத்துபவராகவும் இருப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பாத்திரம் செய்ய முனையும் அருஞ்செயல் நிறைவேறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இவ்வகையில் முதன்முதல் அச்சேறிய விளையாட்டு, கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவிலிருந்து 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டிலிருந்தே இது கிளைத்தது. 1971 இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் போர் விதிநூல் இதற்கு முன்னோடி.

1974 ஆம் ஆண்டு விதிநூலில் மூன்று வகுப்புக்களே இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. அடுத்த ஆண்டு வெளிவந்த இணைப்பு நூல் கள்வனையும் அறப்போர்வீரனையும் சேர்த்தது. மந்திரவாதி கவசம் அணியலாகாது. குறுவாளன்றி வேறு படைக்கலம் ஏந்தலாகாது. சமயகுரு கூரிய படைக்கலத்தைத் தொடலாகாது. போர்வீரனுக்கே மந்திரவாள் உரியது. இவ்விதிகளுட் சில கதையிலிருந்து பிறந்தவை. சில ஆட்டத்தின் சமநிலைக்காகப் பிறந்தவை. இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று.

மந்திரவாதி மனனம் செய்த மந்திரம் ஒருமுறை ஏவப்பட்டதும் அவன் நினைவிலிருந்து அகன்றுவிடும் என்பது ஒரு விதி. இது ஜாக் வான்ஸ் எழுதி 1950 இல் வெளிவந்த ‘மடியும் பூமி’ எனும் கதை நூலிலிருந்து பெறப்பட்டது. அங்கு மந்திரம் என்பது மனித மூளை நெடிது தாங்கவியலாத ஒரு பாரமாகச் சித்திரிக்கப்படுவதால், மறதி இயல்பானதே. விதி கதையிலிருந்து பிறந்தமையால், அதனை ஆடுபவர் அது விதியென்பதையே மறந்து, உலகின் இயல்பாக ஏற்றுக்கொள்வர்.

சமயகுருவின் விதியோ வேறு வகையானது. குருதி சிந்தலாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆயின், தண்டாயுதத்தால் மண்டை பிளக்கப்பட்டவனும் குருதி சிந்தவே செய்வான். மந்திரவாள் என்னும் பெரும்பேற்றைப் போர்வீரனுக்கே ஒதுக்கி வைத்தல் வேண்டும் எனும் ஆட்டத்தேவையை அவ்விதி நிறைவேற்றியது என்பதை நோக்கும்போது, கூறப்பட்ட காரணம் மேற்பூச்சாகவே தோன்றுகின்றது. விதி முன்னே வர, கதை பின்னே ஓடிவந்து அதனைத் தாங்கிப் பிடித்த நிலை இது.

வகுப்பே வேண்டாமென்ற எதிர்ப்பும் விரைவில் எழுந்தது. 1978 இல் வெளிவந்த ‘ரூண்குவெஸ்ட்’ வகுப்புக்களை ஒழித்து, எவரும் எத்திறனையும் பயின்று வளர்க்கலாம் என்றது. எனினும் வகுப்பு முறை அழியவில்லை. ஒரு சொல்லிலே முழு வாழ்க்கையையும் உணர்த்தும் ஆற்றல் வகுப்புக்கு உண்டு. ‘கள்வன்’ என்றதும் அவன் நடையும் பேச்சும் பகையும் மனக்கண்முன் தோன்றுகின்றன. திறன்களின் பட்டியல் எத்துணை நீண்டதாயினும் அவ்வுருவை எளிதில் எழுப்புவதில்லை.

வெருகலும் கல்வெட்டு மரபும்

மகாவலி கங்கையின் ஒரு கிளையாகிய வெருகலாறு கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே கடலோடு கலக்கின்றது. ஆற்றங்கரையில் அமைந்த சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இரு பகுதி மக்களையும் இணைக்கும் தலமாகும். வடக்கேயிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகச் செல்லும் அடியார் தங்கிச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று. இப்பெருமானைத் தலைவனாகக் கொண்டு தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய ‘சித்திர வேலாயுதர் காதல்’ ஈழத்துச் சிற்றிலக்கியங்களுள் வைத்தெண்ணப்படுவது. கோயிலிலுள்ள கல்வெட்டு திருமதிலின் ஒவ்வொரு பக்கத்தையும் வெவ்வேறு உபயகாரரின் பணியாகக் குறிப்பிடுகின்றது. அவர்களுட் கயிலாய வன்னியனாரும் ஒருவர். ஒரு மதில், பல கைகள். ஒவ்வொரு கைக்கும் ஒரு பக்கம் எனும் இப்பங்கீடு இப்பிரதேசத்தின் சமூக அமைப்புக்கே ஓர் உருவகமெனலாம்.

இச்சமூக அமைப்பை விரிவாகக் கூறும் நூல் கவிராசவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் ‘கோணேசர் கல்வெட்டு’ ஆகும். பாட்டும் உரைநடையும் விரவிய இந்நூல், சோழநாட்டிலிருந்து வந்த குளக்கோட்டன் கோணேசர் ஆலயத்தைத் திருத்தி, கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, மருங்கூர், காரைக்கால் முதலிய இடங்களிலிருந்து குடிகளை அழைத்து வந்து குடியேற்றியதாகக் கூறுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் முதலிய பிரிவினருக்கு உரிய ஆலயத் தொழும்புகளும், அவர்களிடையே பிணக்கு நேரின் அதனைத் தீர்க்க அமர்த்தப்பட்ட வன்னியனின் அதிகாரமும் அங்கு விதந்து கூறப்படுகின்றன. திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாபுரம் எனும் நான்கு பற்றுக்களும் இவ்வொழுங்கினுள் அடங்கின. வெருகல் இவற்றுட் கொட்டியாபுரத்தைச் சார்ந்தது.

இந்நூலின் அமைப்பு நமது வினாவுக்கு மிக நெருங்கியது. தொழும்புப் பிரிவுகள் நடைமுறையில் இருந்தவை. யார் விளக்கேற்றுவது, யார் பூத்தொடுப்பது, யார் பண்டாரத்தைக் காப்பது என்னும் விதிகள் அன்றாட வாழ்வின் விதிகள். இவ்விதிகளுக்கு ஏன் கட்டுப்படல் வேண்டும் என்ற வினாவிற்குக் குளக்கோட்டன் கதை விடையளிக்கின்றது. ‘நீ இப்பணியைச் செய்வது, உன் முன்னோன் இதற்கென்றே கடல்கடந்து அழைத்து வரப்பட்டமையால்’ என்பதே அவ்விடை. கடமை தவறியோர்க்கு நேரும் தீங்கையும் நூல் எடுத்துரைக்கத் தவறவில்லை.

இங்கு விதியைத் தாங்குவதற்கென்றே கதை நிற்கின்றது. அதனாற் கதை பொய்யென்று தள்ளுதலும் பொருந்தாது. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்த பின்னரும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிலே தொழும்பு முறைமை தொடர்ந்து பேணப்பட்டது. கட்டடம் வீழ்ந்த பின்னரும் முறைமையை நிலைநிறுத்தியதில் அக்கதைக்கும் பங்குண்டு. ஆயினும் அதன் மறுபக்கமும் மனங்கொள்ளத்தக்கது. பிறப்பினால் வகுப்பை நிர்ணயிக்கும் விதி தெய்வத்தின் ஆணையாகவும் அரசனின் கொடையாகவும் கதையிற் சொல்லப்பட்டதும், அதனை வினவுதல் அரிதாகி விடுகின்றது. கதை விதியைக் காக்கும் அரண். அதேவேளை, வினாவைத் தடுக்கும் மதிலும் அதுவேயாகும்.

களரியிற் பாத்திர வகுப்பு

கிழக்கிலங்கைக் கூத்துக்கள் வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, பிற்பாட்டுக்காரர் உடன் பாட, சுற்றிவரக் குழுமியிருக்கும் மக்கள் நடுவே விடியும்வரை ஆட்டம் நிகழும். வெருகலாற்றின் இருமருங்கும் வாழும் தமிழ்க் கிராமங்கள் இம்மரபின் பரப்பினுள் அடங்குவன.

கூத்திற் பாத்திரம் ஒருவனுக்கு வழங்கப்படும் முறை குறிப்பிடத்தக்கது. பாடும் பகுதியை எழுதி உரியவனிடம் ஒப்படைப்பதைச் ‘சட்டங் கொடுத்தல்’ என்பர். அப்பகுதிக்குச் ‘சட்டம்’ என்றே பெயர். பாத்திரமே சட்டம் எனும் இவ்வழக்கு, பாத்திரமும் விதியும் ஒன்றெனக் கொண்ட மக்களின் நுண்ணறிவைக் காட்டுகின்றது. சட்டங் கொடுத்த பின்னர் மாதக்கணக்கிற் பயிற்சி நிகழும். சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக வளர்ந்து அரங்கேற்றத்தில் அது நிறைவுறும். சட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அண்ணாவியார் குரல்வளத்தையும் உடற்கட்டையும் ஆடுந்திறனையும் கருதித் தீர்மானிப்பார். ஊரிற் செல்வாக்குடையோரின் விருப்பமும் இடையிற் புகுதல் உண்டு.

களரிக்குள் நுழையும் பாத்திரம் தன் வகுப்பை மூன்று வழிகளால் உணர்த்துகின்றது. முதலாவது, வரவு. பாத்திரத்தின் தன்மைக்கேற்ப வரவுத் தாளம் மாறும். தாளக்கட்டு ஒலித்த மாத்திரத்தே வருபவன் அரசனா, அரக்கனா, முனிவனா என்பதைப் பழகிய பார்வையாளர் அறிந்துகொள்வர். இரண்டாவது, உடுப்பு. வடமோடி அரசன் அணியும் கரப்புடுப்பின் பாரமும் முடியின் உயரமும் அவனை மெல்லவும் அகலக் கால்வைத்தும் ஆடச் செய்கின்றன. பெண் பாத்திரத்துக்கு அப்பாரம் இல்லை; ஆட்டமும் மென்மையானது. மூன்றாவது, பாட்டும் வசனமும். அரசன் விருத்தத்தில் தன் பெருமையை விரிப்பான். கட்டியகாரன் ஊர்மொழியிற் பேசிச் சிரிப்பூட்டுவான்.

இவ்விதிகளுள் உடுப்பைப் பற்றியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கரப்புடுப்பு அணிந்தவன் குதித்தோட இயலாது. எனவே அரசனின் கம்பீரம் நடிப்பினால் மட்டும் வருவதன்று, பாரத்தினாலும் வருவது. வேகமாக ஆடவேண்டிய போர்க்கட்டத்திலும் அப்பாரத்தைச் சுமந்தே ஆடுதலால், வெல்பவன் வெற்றியும் வீழ்பவன் வீழ்ச்சியும் களைப்பின் ஊடாகவே வெளிப்படுகின்றன. மேசை விளையாட்டில் மந்திரவாதி கவசம் அணியலாகாது என்பது ஏட்டிலுள்ள தடை. களரியில் அரசன் துள்ளலாகாது என்பது உடலிலுள்ள தடை. ஏட்டுத்தடைக்குக் காரணம் தேடவேண்டியுள்ளது. உடற்றடையோ தன் காரணத்தைத் தன்னோடு கொண்டு வருகின்றது.

கட்டியகாரனின் வகுப்பும் தனித்தன்மையுடையது. அரசனின் வரவை அறிவிப்பவன் அவன். அரசனை எள்ளுபவனும் அவனே. கதை நிகழும் காலத்துக்கும் பார்ப்போர் வாழும் காலத்துக்கும் இடையே விருப்பம்போல் உலாவும் உரிமை அவனுக்கு உண்டு. ஏனைய வகுப்புக்களைக் கட்டும் விதிகள் தளர்ந்திருப்பதே அவனுக்குரிய விதியாகும். மேசை விளையாட்டில் இவனுக்கு நேரான வகுப்பில்லை. நடுவர் அங்கு அண்ணாவியாரைப் போன்றவர். ஆட்டத்தை நடத்துவார், ஆனால் எள்ளி நகையாடும் பொறுப்பு அவருக்கில்லை.

ஒப்புமை கூறும்போது வேற்றுமையையும் கூறுதல் வேண்டும். கூத்தின் முடிவு முன்னரே அறியப்பட்டது. கர்ணன் வீழ்வான் என்பதைக் களரியைச் சூழ்ந்திருக்கும் குழந்தையும் அறியும். ஆதலாற் கூத்தின் வகுப்பு விதி ‘என்ன நிகழும்’ என்பதைத் தீர்மானிப்பதில்லை. ‘எவ்வாறு நிகழும்’ என்பதையே தீர்மானிக்கின்றது. மேசை விளையாட்டின் முடிவைப் பகடையும் விதியும் சேர்ந்தே ஆக்குகின்றன. அங்கு விதி பொருந்தாவிடின் கதையே திசைமாறிவிடும்.

கர்ணனும் இராவணனும்

விதியும் கதையும் மோதுமிடத்தே நாடகம் பிறக்கின்றது. மகாபாரதத்துக் கர்ணன் இதற்குச் சிறந்த சான்று. வித்தை அரங்கேற்றத்தில் அருச்சுனனோடு பொர முன்வந்த அவனிடம் குலம் வினவப்பட்டது. அரசனோடு அரசனே பொரலாம் என்பது அக்கதையுலகின் வகுப்பு விதி. துரியோதனன் அவ்விதியை மறுத்தானல்லன். அங்கநாட்டு முடியைச் சூட்டிக் கர்ணனின் வகுப்பையே மாற்றினான். தேர்ப்பாகன் மகன் அரசனானான், விதி பிழைத்தது. அவன் வாழ்வின் துயரமெல்லாம் அந்த ஒரு கணத்திலிருந்தே விரிகின்றது.

பரசுராமரிடம் அந்தணனென்று கூறி வித்தை கற்றமையும், உண்மை வெளிப்பட்டபோது உற்ற வேளையில் மந்திரம் மறந்துபோகுமெனச் சாபம் பெற்றமையும் இதன் தொடர்ச்சி. மேசை விளையாட்டின் மந்திரவாதி மந்திரத்தை மறப்பது அவ்வுலகத்து இயற்கை. கர்ணன் மறப்பதோ அவன் மீறிய வகுப்பு விதியின் விளைவு. முன்னையதில் மறதி எல்லார்க்கும் பொது. பின்னையதில் அது ஒருவன் வாழ்க்கையின் தீர்ப்பு. விதி கதையோடு எத்துணை ஆழமாகப் பொருந்தலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்துக்களை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, முதலில் எடுத்தாண்டது ‘கர்ணன் போர்’ (1962) ஆகும். அடுத்து ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1968) ஆகியன மேடையேறின. விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கியமையும், வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாற்றியமையும் பலரும் பேசியவை. வகுப்பு நோக்கில் ‘இராவணேசன்’ தனிக் கவனத்துக்குரியது. சி. மௌனகுரு எழுதி, தாமே இராவணனாகத் தோன்றிய இந்நாடகத்தில், இராவணன் வெறும் அரக்கனாகவன்றி, தன் பெருமையாலேயே வீழும் பேரரசனாகக் காட்டப்பட்டான். கூத்தில் அரக்கனுக்குரிய ஆட்டமும் அரசனுக்குரிய ஆட்டமும் வேறுவேறு. ஒரு பாத்திரத்தை எந்த வகுப்பில் வைத்து ஆட்டுவிக்கிறோம் என்பதே அப்பாத்திரத்தைப் பற்றிய நமது தீர்ப்பாகி விடுகின்றது. கதையின் நிகழ்ச்சிகளை மாற்றாமலே, வகுப்பு நோக்கை மாற்றியதனாற் கதையின் பொருள் மாறியது.

மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டத்தை (1968) அடுத்து யாழ்ப்பாணத்தில் மேடையேறிய ‘கந்தன் கருணை’யும் இவ்வழியிற் சென்றது. என். கே. ரகுநாதனின் படைப்பை அடிப்படையாகக் கொண்ட அந்நாடகம், காத்தவராயன் கூத்துப் பாங்கில் முருகனையே களத்துக்கு அழைத்தது. மக்கள் அறிந்த வடிவமும் அறிந்த தெய்வமும் அமைந்தமையால், புதிய கருத்து அந்நியமாகத் தோன்றவில்லை. திருமங்கையாழ்வார் காட்டிய வழி இதுவே: மரபை மீறுபவன் மரபின் மொழியிலேயே அதற்கு நியாயம் கூறல் வேண்டும்.

விதி மாறவேண்டுமிடம்

விளையாட்டு உலகிலும் பிறப்பையும் வகுப்பையும் பற்றிய இச்சிக்கல் எழுந்தது. 1974 ஆம் ஆண்டு விதிநூலிற் குள்ளர் குலத்தவர் போர்வீரராக மட்டுமே இருக்கலாம். அதிலும் ஆறாம் படிக்கு மேல் உயரலாகாது. 1981 இல் வெளிவந்த தொடக்க விதிநூலில் ஏழு வகுப்புக்கள் இருந்தன. அவற்றுள் நான்கு மனிதர்க்குரிய தொழில்கள். எஞ்சிய மூன்றும் பிறப்புக்களே. மனிதன் வீரனாகவோ கள்வனாகவோ ஆகலாம்; எல்ஃப் குலத்திற் பிறந்தவன் எல்ஃப் ஆக மட்டுமே இருக்கலாம். குலமே தொழில், தொழிலே குலம் எனும் இவ்வமைப்பைத் தமிழ் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. 1978 ஆம் ஆண்டு விதிநூலோ மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு ஆண் பாத்திரத்தினும் தாழ்ந்த உச்ச எல்லையை விதித்தது.

இவ்விதிகளுக்குக் கதையுலகிற் காரணம் தேடியோர் இருந்தனர். ஆயின், பறக்கும் நாகமும் உயிர்த்தெழும் பிணமும் இயல்பாக உள்ள உலகில், பெண்ணின் தோள்வலு ஒன்றே இயற்கைக்கு மாறானதாகக் கொள்ளப்படுவதேன் என்ற வினாவுக்கு விடையில்லை. அவ்விதி கதையுலகிலிருந்து வந்ததன்று. அதனை எழுதியோர் வாழ்ந்த உலகிலிருந்து வந்தது. 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீங்கியது. குலத்துக்கு வகுப்பை மட்டுப்படுத்தும் தடைகள் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீங்கின. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லே கைவிடப்பட்டு வேறு சொல் வந்தது. எனினும் மந்திரவாதியும் கள்வனும் நிலைத்துள்ளனர். கதையிலிருந்து பிறந்தவை தங்கின. புறத்தேயிருந்து புகுந்தவை உதிர்ந்தன.

கூத்திலும் இவ்வாறான இரு வகை விதிகள் உள. அரசனின் வரவுத் தாளம் கதையினுள்ளிருந்து பிறந்தது. பெண் பாத்திரத்தை ஆணே ஆடுதல் வேண்டும் என்பதும், முரசறைவோன் முதலான பாத்திரங்களைச் சாதி இழிவு தோன்றச் சித்திரிப்பதும் களரிக்கு வெளியேயிருந்து வந்து புகுந்தவை. 2000 களில் மட்டக்களப்புச் சீலாமுனைக் கிராமத்தில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரோடிணைந்தோரும் ஊரவருடன் சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டது. ஆட்டத்தையும் தாளக்கட்டையும் களரியையும் பேணியவாறே, பிரதியிற் பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் இழிவுபடுத்தும் பகுதிகளைக் கூத்தர்களே கலந்துரையாடி மாற்ற முற்பட்டனர். மேலிருந்து ஓர் அறிஞர் திருத்தாது, சட்டத்தை ஏற்று ஆடுபவனே அச்சட்டத்தை வினவியமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று நிலைகள் பெறப்படுகின்றன. கதையிலிருந்து விதி பிறக்கும் நிலை ஒன்று. கூத்தின் வரவுத் தாளமும் கர்ணனின் மறதியும் அதற்குச் சான்று. விதியைத் தாங்கக் கதை அமையும் நிலை மற்றொன்று. கோணேசர் கல்வெட்டின் குடியேற்றக் கதை அதற்குச் சான்று. புறத்தேயுள்ள வழக்கம் கதைக்குள் விதியாக நுழைந்து, கதையின் இயல்புபோல் நடிக்கும் நிலை மூன்றாவது. பாத்திர வகுப்பைப் பேணுவதா ஒழிப்பதா என்று வினவுவதிலும், ஒவ்வொரு விதியும் இம்மூன்றனுள் எந்நிலைக்குரியது என்று வினவுதலே பயனுடையது.

வெருகற் பிரதேசத்துக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2006 இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று ஆகிய பகுதிகளின் மக்களை வாகரைக்கும் அதற்கப்பாலும் துரத்திய போரும் இம்மண்ணை உலுக்கின. இடம்பெயர்ந்து மீண்ட சமூகம் தன் கலையை மீளக் கட்டும்போது, நினைவில் எஞ்சியதனைத்தையும் புனிதமெனக் கொள்ளும் வேட்கை இயல்பானதே. இழந்தவர்க்கு எஞ்சியது ஒவ்வொன்றும் அரிது. ஆயினும், மீளக் கட்டும் அவ்வேளையே எதனை எவ்வாறு கட்டுவது என்று தெரியும் வேளையுமாகும். வெருகற் கோயிலின் மதில் பல கைகளாற் கட்டப்பட்டது. களரியும் அவ்வாறு கட்டப்படின், அரசனின் கரப்புடுப்பு அதன் பாரத்தோடு நிலைக்கும். அதனை அணிதற்குரியவர் யார் என்ற பழைய வேலி மாத்திரம் அகலும். மத்தளம் ஒலிக்கும்போது களரிக்குள் வருவது அரசன் என்பதை ஊர் அறியும். அவ்வரசனை ஆடுபவர் எக்குடியிற் பிறந்தார், ஆணா பெண்ணா என்பதை அறியவேண்டிய தேவை கதைக்கு என்றும் இருந்ததில்லை எனத் துணியலாம்.